பைண்டு செய்ய முடியாத தொடர்கதை

பாஸ்புக் அச்சடிக்கும் மெஷின் அன்றைக்கு நிற்கவே இல்லை.

முகப்பேர் கிழக்கில் வசிக்கும் அந்தத் தாத்தாவுக்கு வயது 74. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். பி.எஃப். பென்ஷன் மாதம் 2,310 ரூபாய் வருகிறது. முட்டி வலியால் ஐந்து மாதமாக வங்கிப் பக்கம் போகவில்லை. ஒரு திங்கட்கிழமை, பேரன் பள்ளிக்குக் கிளம்பிய பிறகு, மெள்ள நடந்து போய் பாஸ்புக்கை மெஷினில் விட்டார்.

வழக்கமாக நாலைந்து வரி அச்சாகும். பென்ஷன் வரவு, கரன்ட் பில், கேஸ் சிலிண்டர். அன்றைக்கு ஒன்றரைப் பக்கம் வந்தது. 29 ரூபாய், 89 ரூபாய், மறுபடி 89, பிறகு 449, 179, 89, 89... எல்லாம் பற்று.

வங்கியில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரி வரியாகக் கூட்டினார். 6,842 ரூபாய். கிட்டத்தட்ட மூன்று மாதப் பென்ஷன்.

யாரோ கணக்கில் புகுந்து திருடிவிட்டார்கள் என்று பதறிப் போய் கவுன்ட்டரில் கேட்டார். அங்கே இருந்த பெண் வரிகளைப் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"வீட்டுல பேரப் பிள்ளைங்க யாராவது இருக்காங்களா சார்?"

"என்ன வாங்கினே, காட்டு!"

பேரன் பிளஸ் டூ படிக்கிறான். அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். தாத்தாவின் போனில் யு.பி.ஐ. போட்டுக் கொடுத்ததே அவன்தான். கரன்ட் பில் கட்ட வரிசையில் நிற்க வேண்டாமே என்று நல்லெண்ணத்தில் செய்தது. ரகசிய எண்ணும் அவனுக்குத் தெரியும். தாத்தாவே சொன்னதுதான். அதே போனில் தன் விளையாட்டையும் ஏற்றி வைத்திருந்தான்.

மாலை அவன் வந்ததும் பாஸ்புக்கை மேஜை மேல் விரித்து வைத்தார் தாத்தா. ஒரு வார்த்தை பேசவில்லை. பையன் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"கேமுக்குத்தான் தாத்தா... கொஞ்சம் கொஞ்சமாதான்... திருப்பிப் போட்டுடலாம்னு நினைச்சேன். அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க."

பாட்டி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அடி விழும் என்று பயந்துதான் அங்கேயே நின்றார். ஆனால் தாத்தா கேட்டது வேறு.

"ஆறாயிரத்து எண்ணூத்தி நாப்பத்திரெண்டு ரூபாய்க்கு என்ன வாங்கினே? காட்டு."

பையன் போனைத் திறந்து காட்டினான். பனிக்கட்டி நிறத்தில் ஒரு துப்பாக்கி. பொன் வேலைப்பாடு செய்த ஒரு கோட்டு. ஒரு ஹெல்மெட். எதிரியை வீழ்த்தியதும் ஆடுகிற ஓர் ஆட்டம்.

"இந்தத் துப்பாக்கி மத்ததைவிட நல்லா சுடுமா?"

"இல்ல தாத்தா. அதே துப்பாக்கிதான். கலர் மட்டும் வேற."

"கோட்டு போட்டா குண்டு படாதா?"

"படும்."

"அப்புறம் எதுக்குடா?"

பையன் பதில் சொல்லவில்லை. பாட்டிதான் சொன்னார்: "தீபாவளிக்குப் புதுச் சட்டை போட்டா தெருவுல ஒரு சுத்து சுத்திட்டு வருவான் இல்லீங்க, அதுதான். இப்போ இவங்க தெரு அங்க இருக்கு."

தாத்தா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கேட்டார்: "சரி, சட்டைன்னே வெச்சுக்குவோம். இது உன் பேர்ல இருக்கா? நாளைக்கு வேணாம்னா தம்பிக்குக் கொடுக்க முடியுமா? விக்க முடியுமா?"

விளையாட்டின் விதிமுறைகளைப் பையன் முதன்முறையாகத் திறந்து படித்தான். நீளமான ஆங்கிலம். தாத்தாவுக்காகத் தமிழில் சொல்லச் சொல்ல அவனுக்கே குரல் இறங்கியது. வாங்கிய பொருள் எதுவும் வாங்கியவருக்குச் சொந்தமில்லை. பயன்படுத்திக்கொள்ள அனுமதி மட்டுமே. பிறருக்கு மாற்றக் கூடாது. நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் விளையாட்டை நிறுத்தலாம். நிறுத்தினால் பணம் திரும்பாது.

அந்த விளையாட்டின் பெயர் இங்கே முக்கியமில்லை. இலவசமாக இறக்கிக்கொள்ளக் கூடிய பெரிய விளையாட்டுகள் அநேகமாக எல்லாவற்றிலும் இதே மாதிரி வரிகள்தான் இருக்கின்றன.

தாத்தா எழுந்து போய் பீரோவிலிருந்து ஒரு பழுப்பு நிற உறையைக் கொண்டுவந்தார். வீட்டு வசதி வாரியத்தின் ஒதுக்கீட்டு ஆணை, தவணை கட்டிய ரசீதுகள், கடைசியில் கிரயப் பத்திரம். எண்பதுகளின் பிற்பகுதியில் குலுக்கலில் கிடைத்த மனை. அப்போது முகப்பேரில் பாதி இடம் வெட்டவெளி. 'இவ்வளவு தூரத்துல போய் யார் குடியிருப்பாங்க' என்று பாடியில் இருந்த உறவினர்கள் சிரித்தார்களாம். பல வருடம் மாதா மாதம் கட்டினார். ஓவர்டைம் பார்த்த பணம், பாட்டியின் வளையல், எல்லாம் அந்த ரசீதுகளில் இருக்கிறது.

"நானும் மாசா மாசம் கட்டினேன். கட்டி முடிச்ச அன்னிக்கு இந்தப் பேப்பர் கைக்கு வந்துச்சு. நீயும் மாசா மாசம் கட்டறே. கட்டி முடிச்சா உனக்கு என்ன வரும்?"

"கட்டி முடிக்கறதே இல்ல தாத்தா. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை புது சீசன் வந்துடும்."

முடியாத விளையாட்டு

பையன் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு பெரிய தொழிலே அடங்கியிருக்கிறது. விளையாட்டு உலகில் அதை 'லைவ் சர்வீஸ்' என்கிறார்கள்.

முன்பெல்லாம் வீடியோ கேம் என்பது கடையில் வாங்கும் சி.டி. ஒரு தடவை காசு கொடுத்தால் வீட்டுக்கு வந்துவிடும். இருபது வருடம் கழித்துப் போட்டாலும், கம்ப்யூட்டர் ஒத்துழைத்தால், ஓடும். லைவ் சர்வீஸ் அப்படியில்லை. நுழைய டிக்கெட் கிடையாது. உள்ளே போனபின் கடை விரித்திருக்கும். விளையாட்டு உங்கள் போனில் இருப்பது போலத் தெரிந்தாலும் அதன் உயிர் நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. வாரா வாரம் புதுப் பொருள், சில வாரங்களுக்கு ஒரு சீசன், ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு 'பாஸ்'. குறித்த தேதிக்குள் வாங்காவிட்டால் போய்விடும் என்று ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

தமிழ்க் குடும்பங்களுக்கு இது புரியாத சமாச்சாரமே இல்லை. மெகா சீரியலை நினைத்துப் பாருங்கள். பார்ப்பதற்குத் தனியாகக் காசு இல்லை. ஆனால் நாளைக்கும் வர வேண்டும். வெள்ளிக்கிழமை ஒரு திருப்பத்தில் நிறுத்தி, திங்கட்கிழமை வரை தவிக்க விடுவார்கள். கதை முடிந்துவிடக் கூடாது. முடிந்தால் விளம்பரம் போய்விடும். விளையாட்டில் விளம்பர இடைவேளைக்குப் பதில் கடை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தக் கடையில் சில சூட்சுமங்கள் உண்டு. நேரடியாக ரூபாயில் விலை போட மாட்டார்கள். முதலில் ரூபாயைக் கொடுத்து வைரமோ நாணயமோ வாங்க வேண்டும். பிறகு அதைக் கொடுத்துப் பொருள் வாங்க வேண்டும். திருவிழாவில் ராட்டினம் சுற்ற டோக்கன் வாங்குவது மாதிரி. டோக்கன் கைக்கு வந்தபின் அது காசு என்ற நினைப்பே இருக்காது. போதாக்குறைக்கு, டோக்கன் விற்கும் கட்டும் பொருளின் விலையும் பெரும்பாலும் பொருந்தாது. கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சியதைச் செலவழிக்க இன்னும் கொஞ்சம் வாங்கத் தோன்றும். பையனின் பற்று வரிகளில் 89 ரூபாய் திரும்பத் திரும்ப வந்ததற்கு அதுதான் காரணம்.

விளையாடுகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு பைசாகூடக் கொடுப்பதில்லை. கொடுக்கும் சிலரை நம்பித்தான் கடை நடக்கிறது. கொடுக்காதவர்களும் தேவை. அவர்கள்தான் தெருவில் நின்று புதுச் சட்டையைப் பார்க்கும் கூட்டம்.

அமெரிக்காவில் இது பெரிய வழக்காகவே ஆனது. 'ஃபோர்ட்நைட்' விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம், வாடிக்கையாளர்களைத் தெளிவான சம்மதம் இல்லாமல் வாங்க வைத்ததாக அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டியது. பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைகள் வாங்கியதும் அதில் சேர்த்தி. 2022 டிசம்பரில், 24.5 கோடி டாலரைத் திருப்பித் தருவதற்கு நிறுவனம் ஒப்புக்கொண்டது. முகப்பேர் பாஸ்புக்கில் நடந்தது உலகம் முழுக்க நடப்பதுதான்.

மூடிய கதவு

பேரனைத் திட்டுவதற்கு முன் அவன் பக்கத்தையும் கேட்க வேண்டும். தாத்தா கேட்டார்.

2020-ல் அவன் ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடம் போனுக்குள் வந்துவிட்டது. தெருவில் கிரிக்கெட் இல்லை, பூங்காவுக்குப் பூட்டு. சாயங்காலம் ஆறு மணிக்கு நாலு பேர் 'பப்ஜி'யில் சேர்வார்கள். மூன்று பேர் வகுப்புத் தோழர்கள். நாலாமவன் ஈரோட்டுப் பையன். நேரில் பார்த்ததில்லை. நிஜப் பெயர்கூடத் தெரியாது, விளையாட்டுப் பெயர் மட்டும்தான். சுடுவதைவிடப் பேசுவதுதான் அதிகம். ஈரோட்டுப் பையனின் தாத்தா கொரோனாவில் இறந்த அன்று இரவு நால்வரும் விளையாடவில்லையாம். மைக்கை மட்டும் போட்டுக்கொண்டு சும்மா இருந்தார்களாம்.

அந்த ஆண்டு செப்டம்பர் 2-ம் தேதி, பாதுகாப்புக் காரணங்களைச் சொல்லி மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. பப்ஜி மொபைல் அதில் ஒன்று. ஏற்கெனவே போனில் வைத்திருந்தவர்கள் இன்னும் சில வாரம் விளையாடினார்கள். அக்டோபர் 30-ம் தேதி சர்வரும் நின்றது.

பையன் அழுதது துப்பாக்கிக்காக என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். கேலியும் செய்தார்கள். ஈரோட்டுப் பையனின் போன் நம்பரை வாங்கி வைக்கவில்லையே என்றுதான் அழுதேன் என்று ஐந்து வருடம் கழித்து இப்போது சொன்னான்.

2021 ஜூலை 2-ம் தேதி, அதே விளையாட்டு 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்ற புதுப் பெயரில் வந்தது. பழைய கணக்கை மாற்றிக்கொள்ளவும் வழி கொடுத்தார்கள். இவன் மாற்றினான். நண்பர்கள் பட்டியலில் அந்தப் பெயர் மட்டும் கடைசிவரை பச்சையாகவே இல்லை.

கதை அங்கேயும் முடியவில்லை. 2022 பிப்ரவரியில் இன்னொரு பெரிய விளையாட்டான 'ஃப்ரீ ஃபயர்' தடை செய்யப்பட்டது. அதே வருடம் ஜூலை 28-ம் தேதி, புதுப் பெயரில் வந்த பப்ஜியும் ஆப் ஸ்டோர்களிலிருந்து நீக்கப்பட்டது. பத்து மாதம் கழித்து, 2023 மே மாதம், சில கட்டுப்பாடுகளோடு திரும்பியது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நாளைக்கு 3 மணி நேரம், மற்றவர்களுக்கு 6 மணி நேரம் என்று வரம்பு.

தடை சரியா தவறா என்பது வேறு விவாதம். இதில் கவனிக்க வேண்டியது, கதவு மூடியபோதும் திறந்தபோதும் உள்ளே குடியிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்கச் சொல்லும் ஒரு காகிதமும் அவர்கள் கையில் இல்லை.

எட்டு மணிக்கு ஒரு சீரியல்தான்

அப்படியானால் இந்தத் தொழில் இனி என்ன ஆகும்?

ஒரு காலத்தில் எல்லா நிறுவனங்களும் இதுதான் தங்கச் சுரங்கம் என்று ஓடின. ஜப்பானின் சோனி நிறுவனம் 2022-ல், 2026 மார்ச்சுக்குள் பத்துக்கும் மேற்பட்ட லைவ் சர்வீஸ் விளையாட்டுகளைக் கொண்டுவரப் போவதாக அறிவித்தது. அடுத்த வருடமே அந்தத் திட்டத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டது. 2024 ஆகஸ்ட் 23-ம் தேதி அந்நிறுவனம் வெளியிட்ட 'கான்கார்ட்' என்ற விளையாட்டு இரண்டே வாரம்தான் இருந்தது. செப்டம்பர் 6-ம் தேதி சர்வரை அணைத்து, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பல வருடம் உழைத்து அதை உருவாக்கிய ஸ்டூடியோவும் அதே வருடம் மூடப்பட்டது.

காரணத்தை மெகா சீரியல் பார்க்கும் யாரும் சொல்லிவிடுவார்கள். இரவு எட்டு மணிக்கு ஒரு வீட்டில் ஒரு சீரியல்தான் ஓடும். எட்டு சேனல் எட்டு சீரியல் போட்டாலும் கண் இரண்டுதான். சி.டி. விளையாட்டு என்றால் இந்த மாதம் ஒன்று முடித்து, அடுத்த மாதம் இன்னொன்று வாங்கலாம். முடியாத விளையாட்டு அப்படி இடம் விடாது. ஏற்கெனவே ஒன்றில் நண்பர்களும் சட்டைகளும் சேர்த்துவிட்டவர், புதிது எவ்வளவு நன்றாக இருந்தாலும் வீடு மாற யோசிப்பார். அதனால் பழைய பெரிய நாலைந்து விளையாட்டுகள் கொழிக்கின்றன. புதிதாக வருவதில் பல முளையிலேயே கருகுகின்றன.

ஆக, இந்த முறை ஒழிந்துவிடாது. சில பெரிய வீடுகளில் தொடர்ந்து நடக்கும். ஆனால் வருகிற வருடங்களில் நிறைய சின்ன வீடுகள் மூடப்படும். அப்போது உள்ளே இருப்பவர்களுக்கு என்ன வழி என்பதுதான் இனி பெரிய கேள்வி.

அந்தக் கேள்வியைக் கிளப்பியது ஒரு கார் விளையாட்டு. பிரான்சின் யுபிசாஃப்ட் நிறுவனம் 2014-ல் 'தி க்ரூ' என்ற கார் பந்தய விளையாட்டை விற்றது. இலவசம் இல்லை, முழு விலை. ஆனால் சர்வர் இல்லாமல் ஓடாது. 2024 மார்ச் 31-ம் தேதி சர்வரை நிறுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கிய விளையாட்டு அடுத்த நாள் வெறும் தகடு.

ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் அந்த வருடமே 'விளையாட்டுகளைக் கொல்வதை நிறுத்துங்கள்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். காலம் முழுக்க சர்வர் நடத்து என்று அவர்கள் கேட்கவில்லை. நிறுத்தும்போது, வாங்கியவர்கள் தாங்களாகவே ஓட்டிக்கொள்ளும் நிலையில் விட்டுவிட்டுப் போ என்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்காக நடந்த கையெழுத்து இயக்கம் 2025 ஜூலையில் 10 லட்சத்தைத் தாண்டியது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2025-ல் நடைமுறைக்கு வந்த சட்டம், டிஜிட்டல் பொருளை 'வாங்கு' என்று போட்டு விற்கும் கடைகள், இது உரிமை அல்ல, பயன்படுத்தும் அனுமதி மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது.

நம் நாட்டிலும் சட்டம் வந்திருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் ரம்மி, போக்கர் போன்றவற்றைத் தடை செய்கிறது. பல குடும்பங்களைக் காப்பாற்றும் சட்டம்தான். ஆனால் பையன் செய்தது சூதாட்டம் அல்ல. ஜெயித்தால் பணம் வரும் என்று அவன் கட்டவில்லை. வரவே வராது என்று தெரிந்தே கட்டினான். 'நீ வாங்கியது உன்னுடையதா?' என்ற தாத்தாவின் கேள்விக்கு அந்தச் சட்டத்தில் பதில் இல்லை.

பாட்டியின் புத்தகம்

கிரயப் பத்திரத்தைப் பார்த்துப் பையன் தலை குனிந்து நின்றபோது, பாட்டி குறுக்கே வந்தார்.

"ஏங்க, பத்திரம் இருந்தாதான் செலவா? பாடியில எட்டு வருஷம் வாடகைக்கு இருந்தோமே, அந்த வீடு நம்ம பேர்லயா இருந்துச்சு? அங்கதான் பெரியவன் நடக்கப் பழகினான். ஞாயித்துக்கிழமை சினிமா போனோமே, டிக்கெட்டைக் கிழிச்சுத்தானே கொடுத்தான்?"

தாத்தா ஒன்றும் சொல்லவில்லை.

பாட்டி லாஃப்ட்டிலிருந்து ஒரு தடிமனான புத்தகத்தை எடுக்கச் சொன்னார். காலிகோ அட்டை, முதுகில் பசை காய்ந்து உரிந்திருந்தது. கல்கி வார இதழில் 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை வந்த பொன்னியின் செல்வன். வாரா வாரம் இதழிலிருந்து பிரித்தெடுத்து, வரிசையாக அடுக்கி, பாட்டியின் அம்மா பைண்டு செய்து வைத்த தொகுப்புகளில் ஒன்று. மணியத்தின் ஓவியங்கள், நடுநடுவே ரேடியோ விளம்பரம், ஓரத்தில் யாரோ பென்சிலால் போட்ட பால் கணக்கு.

"எங்கம்மாவும் வாரா வாரம் காசு கொடுத்துதான் வாங்கினாங்க. 'தொடரும்'னு போட்டுட்டா அடுத்த வாரம் வரைக்கும் தூக்கம் வராதாம். தெருவுல ஒரு வீட்டுல வாங்கி ஆறு வீட்டுல படிப்பாங்களாம். உன் கேம் மாதிரிதான். கதையும் முடிஞ்சுடுச்சு, எழுதினவரும் போயிட்டாரு. இப்போ பத்திரிகையே அச்சுல வர்றதில்ல, இணையத்துலதான் வருதாம். ஆனா முடிஞ்சப்போ இது கையில இருந்துச்சு பாரு. உன்னோடதை பைண்டு பண்ண முடியுமாடா?"

பையன் புத்தகத்தைப் புரட்டினான். "முடியாது பாட்டி. ஸ்க்ரீன்ஷாட் எடுக்கலாம்."

அந்த வீட்டின் வழக்கு அதோடு ஒரு முடிவுக்கு வந்தது. விளையாடுவதைத் தாத்தா தடுக்கவில்லை. தடுத்தால் இன்னொரு போனில் நடக்கும் என்று அவருக்குத் தெரியும். யு.பி.ஐ. ரகசிய எண்ணைத் தானே மாற்றிக்கொண்டார். எப்படி என்று பேரனையே கேட்டார், ஆனால் எண்ணை அடிக்கும்போது அவனைத் திரும்பி நிற்கச் சொன்னார். ப்ளே ஸ்டோர் அமைப்புகளில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்ற வைத்தார். மாதாந்திரச் சந்தா ஏதாவது தானாகப் பணம் எடுக்கிறதா என்று யு.பி.ஐ. செயலியில் 'ஆட்டோபே' பகுதியைத் திறந்து இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். ஒன்று இருந்தது. ரத்து செய்தார்கள்.

அம்மாவிடம் சொல்வது மட்டும் பாக்கி.

"நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லு," என்றார் தாத்தா. "நான் சொன்னா அது புகார். நீ சொன்னா வேற."

இரவு ஒன்பது மணிக்கு அம்மா வந்து, கைகால் கழுவி, சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து சொன்னான். அம்மா திட்டினார், அழுதார், போனைப் பிடுங்கி வைத்தார். மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்தார். அப்பாவுக்கு அம்மாவே சொல்லிக்கொண்டார்.

6,842 ரூபாய்க்குத் தாத்தா ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டார். கைச்செலவுப் பணத்தில் மாதம் 500 வீதம் 13 தவணை, கடைசித் தவணை 342. ஒவ்வொன்றுக்கும் எண், தேதி, தொகை, கையெழுத்து, பழைய வாரிய ரசீதுகளில் இருந்த அதே வரிசையில். இதுவரை இரண்டு தவணை வந்திருக்கிறது. இரண்டாவது தவணை கட்டிய அன்று விளையாட்டில் புது சீசன் தொடங்கியது. பாஸ் வாங்கவில்லை, பழைய பனிக்கட்டித் துப்பாக்கியோடுதான் விளையாடுகிறான் என்று பாட்டி தாத்தாவிடம் சொன்னார்.

ஒன்று மட்டும் புதிதாகச் செய்திருக்கிறான். இப்போது தன்னோடு விளையாடும் மூன்று பேரிடமும் நிஜப் பெயரும் போன் நம்பரும் கேட்டு வாங்கியிருக்கிறான். ஒருவன் மதுரை, ஒருவன் ஆவடி, ஒரு பெண் கோவை. சர்வருக்கு வெளியே இருக்கட்டும் என்று அவற்றைத் தாத்தாவின் தவணை நோட்டின் கடைசிப் பக்கத்தில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறான்.